ஐந்து முட்டையும் ஒரு வார்த்தையும்

தஞ்சாவூர்
24-7-2024

செவ்வந்திக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. போனில் உன் பெயரைப் பார்த்தாலே எனக்குப் படபடவென்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட சத்தத்தில் பிரஷர் ஏறி, அன்சார் என்னை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். உன் நம்பரைத் தடுத்து வைத்தது நான்தான். என் மகன் மேல் பழி போடாதே. கடிதத்தில் குரல் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

ஜூன் பத்தாம் தேதி முழங்கால் ஆபரேஷனுக்காக அதிராம்பட்டினத்தை விட்டுக் கிளம்பியபோது ஒன்பது உருப்படியை உன்னிடம் விட்டுவந்தேன். எட்டுப் பெட்டை, ஒரு சேவல். ஞாயிறு மதியம் வீடியோவில் "வக்கீலக் காட்டு" என்றேன். நீ குழம்புச் சட்டியைக் காட்டினாய். சிரித்துக்கொண்டே காட்டினாய்.

அவனுக்கு ஏன் வக்கீல் என்று பெயர் வைத்தேன் என்று உனக்குத் தெரியும். தீனி வைக்க ஐந்து நிமிஷம் தாமதித்தால் வாசல்படியில் ஏறி நின்று வாதாடுவான். செவலை உடம்பு, மஞ்சள் கால், தலையில் பூக்கொண்டை. அந்தக் கொண்டையைக் கொண்டுவர நான்கு தலைமுறை, ஆறு வருஷம் ஜோடி சேர்த்துச் சேர்த்துப் பார்த்தேன். ஒரு முட்டையை விற்றதில்லை. வளர்த்ததை அறுத்ததில்லை. கறி வேண்டுமானால் கடையில் வாங்கித் தின்பேன். "முட்டை விக்காத கோழிக்காரி" என்று ஊரே கேலி செய்தது. அந்தக் கேலி செய்தவர்களின் வீட்டுக்கும் முட்டை போனது. வேலிக்கு அந்தப் பக்கம் உன் வீட்டுக்கும் போனது.

என்ன நடந்திருக்கிறது என்று உனக்குப் புரியவில்லை. நான் இங்கே வந்த நாளிலிருந்து அன்சார் "இங்கேயே இரு உம்மா" என்கிறான். ஊரில் என் கோழி இருக்கிறது, நான் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லித்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போது அவன் சொல்கிறான், "சேவலே போயிடுச்சு. இன்னும் எதுக்கு ஊரு ஊருங்கிறே?"

ஏன் செய்தாய் என்று மட்டும் எழுது.

ஹஃப்ஸா


கீழத்தோப்பு, அதிராம்பட்டினம்
29-7-2024

ஹஃப்ஸா ராத்தாவுக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். கடையில் தைத்த ரவிக்கைகளுக்கெல்லாம் ஊக்கு மாற்றி வைத்துவிட்டேன். மனசு வேலையில் இல்லை என்றால் இதுதான் கதி.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆடி பிறந்ததும் மகள் சுடர்விழியை அழைத்து வந்தோம். ஞாயிறு விருந்துக்கு மாப்பிள்ளை மட்டும் வருவார் என்று பார்த்தால், அவருடைய அப்பா, அம்மா, சித்தப்பா என்று ஒரு காரில் வந்து இறங்கினார்கள். புது மாப்பிள்ளைக்கு ஆடி விருந்தில் நாட்டுக்கோழி வைக்காமல் அனுப்பினால் எங்கள் பக்கம் பேச்சு வருஷம் முழுக்க நிற்கும்.

ஆனால் அதற்காக அடுத்தவர் பொருளில் கை வைப்பவள் இல்லை நான். எங்கள் பக்கம் ஒருவர் கோழியை இன்னொருவர் வீட்டில் விட்டால் அது வாரம். தாய்க்கோழி விட்டவருக்கு, பொரிக்கிற குஞ்சில் பாதி வளர்க்கிறவருக்கு. நீங்கள் வந்தீர்கள், கூடையை இறக்கினீர்கள், "பாத்துக்க செவ்வந்தி" என்றீர்கள், காரில் ஏறினீர்கள். வேறு என்ன சொன்னீர்கள்? உங்கள் பெட்டைகளில் கப்பல்காரி போட்ட முட்டையில் பதினாலு குஞ்சு பொரித்தது. அதில் ஏழு என் பங்கு என்றுதான் நினைத்தேன். ஏழையும் உங்களுக்கே விட்டுவிட்டு ஒரு சேவலை எடுத்துக்கொண்டால் உங்களுக்கு லாபம்தானே என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் சிரித்துக்கொண்டு காட்டினேன். நீங்களும் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை, உங்கள் கடிதம் வந்த அன்றே, கொல்லையில் கீரி புகுந்தது. பதினாலு குஞ்சும் போய்விட்டன. பாதியைத் தின்றது, பாதியைக் கடித்துப் போட்டுவிட்டுப் போனது. வாரமும் இல்லை, பங்கும் இல்லை.

சேவலை அறுத்தது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்தா, நீங்கள் வீடியோவில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "கூலிக்காரி புத்தி எங்க போவும்" என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. சம்பந்தியம்மா சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார்கள். என் அம்மா உங்கள் தோப்பில் தேங்காய் உரித்தவர்தான். நான் தையல் கடை வைத்து, மகளை எம்.எஸ்சி. படிக்கவைத்து, எம்.எஸ்சி. படித்த மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் பழையபடி தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள்.

மிச்சம் எட்டுப் பெட்டை இருக்கிறது. யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன்.

செவ்வந்தி


தஞ்சாவூர்
5-8-2024

செவ்வந்திக்கு,

யாரிடமும் கொடுக்க வேண்டாம். யார் இருக்கிறார்கள் வாங்க? வீடு பூட்டிக் கிடக்கிறது. அதையும் வாடகைக்கு விடப்போகிறான் அன்சார். மெயின் ரோட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர் சரக்கு அடுக்கி வைக்கக் கேட்கிறாராம். என் உம்மா எனக்குக் கொடுத்த வீடு. நான் கையெழுத்துப் போட்டால்தான் ஆகும். வருகிற இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர் தஞ்சாவூருக்கே வருகிறார். போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வக்கீலின் குஞ்சு இருக்கிறது என்று சொல்ல எனக்கு இருந்த ஒரு சாக்கையும் கீரி தின்றுவிட்டது.

வளர்ப்பது என்றால் அடுத்தது எப்படி வரும் என்று காத்திருப்பதுதான். அது இல்லாமல் எட்டுப் பெட்டைக்குத் தவிடு பிசைந்து போடுவது வேலை. வேலை செய்ய எனக்கு இப்போது முட்டி இல்லை.

இங்கே நாலாவது மாடி. ஜன்னலில் புறா வந்தது, கொஞ்சம் குருணை போட்டேன். மறுநாள் நாற்பது புறா. மூன்றாம் நாள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் நோட்டீஸோடு வந்துவிட்டார். என் போனில் வக்கீல் கூவுவது பதிவாகி இருக்கிறது. ஒரு தடவை போட்டேன். பேத்தி ஓடிவந்து "சேவல் எங்க நன்னி?" என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினாள். அப்புறம் போடவில்லை.

டீச்சரம்மா முட்டை வைக்கிறாளா? கண்ட இடத்தில் வைப்பாள், வைக்கோல் போருக்குப் பின்னால் பார். கருப்பாயி இறகு உதிர்த்தாளா? கப்பல்காரி குஞ்சுகளைத் தேடிக் கத்துகிறாளா?

தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

ஹஃப்ஸா


கீழத்தோப்பு
10-8-2024

ராத்தாவுக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில். கப்பல்காரி இரண்டு நாள் கத்தினாள், இப்போது இல்லை. கருப்பாயி இறகு உதிர்க்கவில்லை, வேறு வேலையில் இருக்கிறாள். டீச்சரம்மா முட்டை வைக்கிறாள். வைக்கோல் போருக்குப் பின்னால் இல்லை, என் தையல் மிஷினுக்கு அடியில் துணிக் கூடையில். வாடிக்கையாளர் ஒருத்தியின் பட்டு ரவிக்கைத் துணி மேல் வைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

இப்போது ஒரு விஷயம். முன்பே எழுதியிருக்க வேண்டும், ரோஷத்தில் எழுதவில்லை. உங்கள் முதல் கடிதம் வந்த அன்று கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் மருதையன் அண்ணனைக் கேட்டேன். "சேவல் போனாலும் பத்து நாளைக்கு முட்டையில உசிரு இருக்கும்மா, அடை வச்சுப் பாரு" என்றார். வீட்டுக்கு ஓடிவந்தேன். அதுவரை டீச்சரம்மா வைத்ததையெல்லாம் சுடர்விழி சாப்பிடட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். ஃபிரிட்ஜில் வைத்த முட்டை பொரிக்காது என்று எனக்கே தெரியும். ஆனால் அடை வைக்கப்போகிறோம் என்று அப்போது யார் கண்டது? தலையில் அடித்துக்கொண்டேன்.

மற்றப் பெட்டைகள் அப்போது முட்டை வைக்கவில்லை. அன்றிலிருந்து டீச்சரம்மா வைத்ததை அரிசிப் பானைக்குள் வைத்துச் சேர்த்தேன். ஐந்து சேர்ந்தது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கருப்பாயி அடைக்கு உட்கார்ந்தாள். அவளுக்கு அடியில் வைத்துவிட்டேன். கூடையில் மணல், அதன் மேல் வைக்கோல். இடிக்கு முட்டை கலங்காமல் இருக்க ஓர் இரும்பு ஆணி, ஒரு துண்டு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய். நீங்கள் இதற்கெல்லாம் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை கீரி புகாமல் கூட்டைச் சுற்றிக் கம்பி வலையும் அடித்திருக்கிறது.

இருபத்தியிரண்டாம் தேதி இருபத்தோரு நாள் ஆகிறது. ஐந்தும் வக்கீலுடையதுதான். பொரித்தால் உண்டு.

நான் இதை உங்களுக்காகச் செய்யவில்லை.

செவ்வந்தி


தஞ்சாவூர்
14-8-2024

செவ்வந்தி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

கூடையை எக்காரணம் கொண்டும் இடம் மாற்றாதே. கருப்பாயி ஒரு வேளைதான் இறங்குவாள், இறங்கும்போது தண்ணீரும் சோளமும் பக்கத்திலேயே இருக்க வேண்டும், தேடிப் போகக் கூடாது. அவள் இறங்கியிருக்கும்போது முட்டைக்குப் பின்னால் போன் டார்ச்சை வைத்துப் பார். உள்ளே இருண்டிருந்தால் உயிர். தெளிவாகத் தெரிந்தால் கூமுட்டை, எடுத்துவிடு, வெடித்தால் மற்றதும் கெடும். பதினெட்டாம் நாளுக்கு மேல் தொடவே கூடாது. ஆணிக்கும் மிளகாய்க்கும் நான் சிரிக்கவில்லை. அதை எடுத்துவிடாதே.

வாரம் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றி யோசித்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை. எங்களிடம் ஒன்றை ஒருவரிடம் கொடுத்து வைத்தால் அது அமானிதம். கொடுத்தது கொடுத்தபடியே திரும்பி வர வேண்டும். கெட்டுப்போனால் மறுமையில் கேள்வி உண்டு. நான் அமானிதம் என்று நினைத்து இறக்கினேன், நீ வாரம் என்று நினைத்து ஏற்றுக்கொண்டாய். எவ்வளவு காலமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம். ஒருத்தியாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆக, சேவல் விஷயத்தில் உன் மேல் மட்டும் தப்பு என்று இனி சொல்ல மாட்டேன்.

அன்சாரிடம் முட்டை விஷயத்தைச் சொன்னேன். "அஞ்சு முட்டைக்காக வீட்டப் பூட்டிப் போட்டு வைக்கவா உம்மா?" என்றான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். ஒன்றே ஒன்று பொரித்தாலும் ஊருக்கு வந்துவிடுவேன், கைத்தடியோடாவது. ஒன்றும் பொரிக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து. அவனிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஹஃப்ஸா


கீழத்தோப்பு
18-8-2024

ராத்தாவுக்கு,

ஆடி முடிந்து சுடர்விழி புகுந்த வீட்டுக்குத் தஞ்சாவூர் வருகிறாள். இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலை நம்பினால் குஞ்சு பெரிதாகி முட்டையே வைத்துவிடும்.

டார்ச் வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டு கூமுட்டை, எடுத்தாயிற்று. மூன்றில் உயிர் இருக்கிறது. ஒன்றில் அசைவதைக்கூடப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் நல்ல மழை, ஓயாத இடி. எங்கள் வீட்டுக்காரர் இராஜாங்கம் வயலுக்கு மடை பார்க்கப் போக வேண்டியவர், கோழிக்கூட்டின் மேல் தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நின்றார். கடைமடைக்கு இப்போதுதான் தண்ணீர் எட்டிப் பார்க்கிறது, அதை விட்டுவிட்டு நின்றார். "யார் வீட்டுக் கோழிக்கு யார் நனையிறது" என்று புலம்பினார், ஆனால் நகரவில்லை. கருப்பாயி ஒரு இடிக்கும் எழவில்லை.

மகள் என்னைக் கேட்டாள், "அப்புடிப் பேசுனவங்களுக்கு நீ ஏம்மா இவ்வளவு செய்யுற?" கோழிக்குச் செய்கிறேன், அவர்களுக்கு இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கும் முழுசாக நம்பிக்கை இல்லை.

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருந்தது ராத்தா. சோளம் இருந்தது, டார்ச் இருந்தது, அமானிதம், மறுமை எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. சேவலுக்கு நான் முதல் கடிதத்திலேயே தப்பு என்று எழுதிவிட்டேன். அந்த வார்த்தைக்கு நீங்கள் இரண்டு கடிதமாகப் பக்கத்தில் வந்து வந்து திரும்பிப் போகிறீர்கள். சம்பந்தி வீட்டில் இன்னும் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறக்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. பொரிக்கப்போவது வாரமா, அமானிதமா? இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செவ்வந்தி


தஞ்சாவூர்
20-8-2024

செவ்வந்திக்கு,

சுடர்விழி வந்தாள். வாசலோடு கொடுத்துவிட்டுப் போகப் பார்த்தாள். உட்காரச் சொன்னேன், டீ குடித்தாள், என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. நியாயம்தான். பதில் எழுதும்வரை இருக்கச் சொல்லியிருக்கிறேன், போகிற வழியில் அவளே தபாலில் போட்டுவிடுவாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த வார்த்தை என்னுடையது இல்லை. என் உம்மாவுடையது. எனக்குப் பத்து வயதிருக்கும். தோப்பில் உன் அம்மா தங்கமணி உரித்த தேங்காயில் நாலைந்து குறைகிறது என்று உம்மா எல்லோர் முன்னாலும் அந்த வார்த்தையைச் சொன்னார். உன் அம்மா கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்துவிட்டு நின்றார். பிறகு பார்த்தால் குறைந்த தேங்காய் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தது. நான்தான் கூட்டாளிகளோடு எடுத்துப்போய் உடைத்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை அங்கே போட்டிருந்தேன். நான் சொல்லவில்லை. உம்மாவும் தெரிந்த பிறகு சொல்லவில்லை.

அன்று எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்தது. இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வராது என்று நினைத்துக்கொண்டேன். ஐம்பது வருஷம் உள்ளேயே கிடந்து, ஒரு சேவலுக்காக, உன் சம்பந்திகள் முன்னால் வந்துவிட்டது. அது கோபத்தில் வந்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். உள்ளே இருந்ததுதான் வந்தது.

என்னை மன்னித்துவிடு செவ்வந்தி. உன்னிடமும் கேட்கிறேன், உன் அம்மாவிடமும் கேட்கிறேன், அவர் இல்லை, அதனால் உன்னிடமே இரண்டு தடவை கேட்கிறேன். உன் சம்பந்தியம்மாவின் வீடு இங்கே பக்கம்தானாம், சுடர்விழி சொன்னாள். நாளை அவளோடு போய், அவர் முன்னாலேயே நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வருகிறேன். எல்லோர் முன்னாலும் சொன்னதை உன் காதோடு மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

பொரிப்பது வாரம்தான். சரிபாதி. வியாழக்கிழமை என்ன ஆனாலும் எழுது. ஒன்றும் இல்லை என்றாலும் எழுது.

ஹஃப்ஸா


கீழத்தோப்பு
23-8-2024

ராத்தாவுக்கு,

இதை எங்கள் வீட்டுக்காரர் பஸ் ஏறி வந்து உங்கள் கையில் தருவார். அவருக்கு ஒரு டீ கொடுத்தனுப்புங்கள், சர்க்கரை வேண்டாம்.

நேற்று காலை பத்து மணிக்கு ஒன்று பொரித்தது. இன்னொன்று ஓட்டைக் கொத்திவிட்டு அப்படியே நின்றுபோயிற்று. மூன்றாவதில் சத்தமே இல்லை. இன்று மதியம் வரை காத்திருந்து பார்த்தேன். கருப்பாயி கூடையை விட்டு எழுந்துவிட்டாள். ஆக, ஒன்றுதான். செவலை நிறம். மஞ்சள் கால். தலையில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. கொண்டையா, என் ஆசையா என்று தெரியவில்லை.

புதன்கிழமை சாயந்தரம் சம்பந்தியம்மா போன் செய்தார். நீங்கள் கைத்தடி ஊன்றிக்கொண்டு அவர்கள் வீட்டுப் படி ஏறியதைச் சொன்னார்.

என் அம்மா உங்களைப் பற்றி அடிக்கடி ஒன்று சொல்வார். "அந்த ஊட்டுல எல்லாரும் அதிகாரமாப் பாப்பாங்க. அந்தச் சின்னப் பொண்ணு மட்டும் என்னக் கண்டா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவும், ஏன்னு தெரியல" என்பார். சாகும்வரை அவருக்குத் தெரியவில்லை. எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. கோபம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கூட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நினைத்தேன், யாரும் கேட்காத ஒன்றை இந்த வயதில் இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார், சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று. என் பங்குக்கு மன்னித்தாயிற்று. அம்மாவின் பங்கை நீங்களே வந்து கேளுங்கள், படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது.

வாரம் என்று சொல்லிவிட்டீர்கள், சரிபாதி. ஒரு குஞ்சில் எப்படிப் பாதி பிரிப்பது? எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு வழிதான் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் பாதி நாள், இந்தப் பக்கம் பாதி நாள். அதற்கு அந்தப் பக்கம் ஆள் இருக்க வேண்டும், அடுக்கி வைத்த சரக்கு இருந்தால் ஆகாது. சேவலா பெட்டையா என்று தெரியவே இரண்டு மாதம் ஆகும். கையெழுத்துப் போடாதீர்கள். அன்சார் தம்பி ஏதாவது சொன்னால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன சாவியால் வீட்டைத் திறந்து கூட்டித் துடைத்தாயிற்று. உங்கள் கட்டிலைக் கீழறையிலேயே போட்டுவிட்டோம், படி ஏற வேண்டாம். குஞ்சுக்குப் பெயர் வைக்கவில்லை. அது உங்கள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வருகிறார்கள். நீங்களும் அவர்கள் காரிலேயே வந்துவிடலாம், சம்பந்தியம்மாவே சொன்னார். பயப்படாமல் வாங்க. மீன்தான் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

செவ்வந்தி